தேர்தல் நாளில நடந்து, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒண்டு

கொக்குவிலான்:
2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். யாழ்ப்பாணத்தில வாக்குச்சாவடியில கிளார்க்கா நிண்டனான். புலியள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும், விடுவம். காலமை 7 மணிக்குப் பெட்டி வெறும் பெட்டி எண்டு காட்டித்தான் சீல் வைக்கிறது. காட்ட ஆளில்லாமல் பொலிஸ்காரருக்குக் காட்டினம்.

பிறகு ஒரு ஐயா குடையோட வந்தார். வாக்காளர் அட்டை சட்டைப் பைக்கு வெளியால நீட்டிக்கொண்டு நிக்குது. கேற்றடியில நிண்டு ரோட்டின்ர ரெண்டு பக்கத்தையும் பார்த்தார். "வாங்கோ ஐயா" எண்டன். "இல்லைத் தம்பி, தண்ணி குடிப்பமெண்டு வந்தனான்" எண்டார். தண்ணியும் குடிக்காமல் திரும்பிப் போட்டார். எங்கட சாவடியில மை போத்தில் மூடி கழட்டாமலே திரும்பிப் போச்சு. மாவட்டம் முழுக்க 1.2 வீதம்தான் போட்டது.

நல்லூர் வடக்கு:
கொக்குவிலான், அந்த ஐயா பயத்தில திரும்பினார் எண்டுதானே சொல்ல வாறீர்? எங்கட அப்பா விரும்பித்தான் போகேல்லை. மஹிந்த, ரணில் ரெண்டு பேரும் சிங்கள வேட்பாளர், எங்களுக்கென்ன எண்டவர். பிறகு மஹிந்த ரணிலை ஒரு லட்சத்து 80 ஆயிரம் சொச்ச வாக்கால வெண்ட செய்தியை ரேடியோவில கேட்டிட்டு, ரேடியோவை நிப்பாட்டாமல் எழும்பி முத்தத்துக்குப் போட்டார். யாழ்ப்பாணத்தில மட்டும் பதிஞ்ச வாக்கு ஏழு லட்சம் மட்டில கிடந்தது. அதைப் பற்றி அவர் சாகும்வரை ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

மானிப்பாய் அக்கா:
என்ர கதை 2015 ஜனாதிபதித் தேர்தல், மஹிந்தவை எதிர்த்து மைத்திரிபால சிறிசேன நிண்டது. ஜனவரி 8 ராத்திரி மாமி கதிரையை ரிவிக்கு முன்னால இழுத்துப் போட்டிட்டுப் படுக்கவேயில்லை. தபால் வாக்கில இருந்தே மைத்திரி பக்கம் சாயுது, ஆனா ஒருத்தரும் வாய் திறந்து சந்தோசப்படேல்லை. ஏனெண்டால் 2010 எல்லாருக்கும் ஞாபகம். மஹிந்தவை எதிர்த்து நிண்ட முன்னாள் ராணுவத் தளபதி பொன்சேகா தோத்த கையோட அவர் நிண்ட ஹோட்டலை ஆமி சுத்தி நிண்டது, பெப்ரவரியில ஆளையே பிடிச்சது.

விடியப்புறம் சொன்னாங்கள், எண்ணி முடியமுதலே மஹிந்த தான் இருந்த அலரி மாளிகையை விட்டு வெளிக்கிட்டிட்டார் எண்டு. நாங்கள் கைதட்டப் போக மாமி கேட்டவ: "ஆமி விட்டதோ?"

ஆர் வெண்டது எண்டு அவ கடைசிவரை கேக்கவேயில்லை. பின்னேரம் மைத்திரி சத்தியப்பிரமாணம் எடுத்ததைப் பார்த்த பிறகுதான் சோத்தில கை வைச்சவ.

பரமு82:
எல்லாரும் பழசையே கதைக்கிறியள். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், ராத்திரி ஊரடங்கு, வீட்டில அடைஞ்சு கிடந்து முடிவு பார்த்தம். அப்ப ஜனாதிபதியா இருந்த ரணில் மூண்டாவதா வந்தார், திங்கக்கிழமை அநுர பதவியேற்றார், ஒரு சண்டையும் இல்லை. என்ர கதை அவ்வளவுதான்.

ஆனா ஒண்டு சொல்லவேணும். அநுரவுக்கு 42 வீதம், ரெண்டாவதா வந்த சஜித்துக்கு கிட்டத்தட்ட 33. ஒருத்தரும் பாதி தாண்டாததால முதல்முறையா ரெண்டாம் விருப்பு எண்ணினவை. அதில முதல் ரெண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் வெட்டுப்படுவினம். வெட்டுப்பட்ட ஆளுக்குப் போட்ட சீட்டில 2, 3 எண்டு இந்த ரெண்டு பேரில ஒருத்தருக்கு இருந்தால் மட்டும் அங்க போய்ச் சேரும். யாழ்ப்பாணத்தில தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன்ர சங்குச் சின்னத்துக்கு 1,16,000க்கு மேல விழுந்தது. அதில 1 மட்டும் போட்டு வந்த சீட்டெல்லாம் அந்த எண்ணிக்கையில வெறும் கடுதாசி. புள்ளடி (X) மட்டும் போட்டாலும் வாக்குச் செல்லும், மறுக்கேல்லை, ஆனா அதோட உங்கட கதை முடிஞ்சுது. கொள்கைக்குப் போடுறவை கொள்கைக்கு 1 போடுங்கோ, பிறகு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு 2 போடுங்கோ. வீட்டில வயசானவைக்கு முதல்நாளே ஒரு கடுதாசியில எழுதிக் காட்டுங்கோ. மானிப்பாய் அக்கா, உங்கட மாமிக்கும் சேர்த்துத்தான்.

மானிப்பாய் அக்கா:
தம்பி பரமு, மாமி புள்ளடிதான் போட்டவ. ஆருக்கெண்டு எனக்கே சொல்லேல்லை, உமக்கோ சொல்லப்போறா?