ரீகோண்ட் சொகுசு எஸ்யூவி வாங்குமுன் பாதுகாப்புப் பதிவைப் பார்ப்பது எப்படி? தெரிந்தவர்கள் பகிருங்கள்

செந்தூல்_சேகர்
ஜப்பானிலிருந்து வந்த போர்ஷா கேயன் ஒன்று, இங்கிலாந்திலிருந்து வந்த லம்போர்கினி ஊருஸ் ஒன்று. இரண்டும் ரீகோண்ட், அதாவது வெளிநாட்டில் ஓடி மலேசியாவுக்கு இறக்குமதியான காடி (கார்). இரண்டில் ஒன்றை எடுக்க யோசனை. "ஐந்து நட்சத்திரக் காடி, பயப்படாதீங்க" என்கிறார் விற்பவர். இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பத்துமலை_வி8
சேகர், அந்த நட்சத்திரம் எந்தக் காடிக்கு, எந்த ஆண்டு கொடுத்தது என்று அவரிடம் கேளுங்கள். 2017இல் ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப் கேயனை மோதிப் பார்த்து ஐந்து கொடுத்தது உண்மை. ஊருஸை அவர்களும் மோதவில்லை, அமெரிக்காவில் அதே வேலை செய்யும் ஐஐஎச்எஸ்ஸும் மோதவில்லை. இரண்டுக்கும் அடியில் ஒரே எம்எல்பி ஈவோ தளம் (ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பொதுவான அடிக்கட்டமைப்பு) தானே என்பார்கள். தளம் ஒன்றாக இருந்தாலும் எடை, இருக்கை, டயர் எல்லாம் வேறு. கேயனின் மதிப்பெண்ணை ஊருஸுக்கு ஒட்ட முடியாது.

2017இன் ஐந்தும் இன்றைய ஐந்தும் சமமில்லை. அப்போது அசையாத தடுப்பில் 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கத்தின் 40 விழுக்காடு மோதும். 2020 முதல் காடியும் 1,400 கிலோ தள்ளுவண்டியும் தலைக்கு 50 கி.மீ. வேகத்தில் எதிரெதிரே வந்து மோதுகின்றன. எதிரில் வருபவரை அதிகமாக நசுக்கும் முன்பக்கத்துக்கு மதிப்பெண் கழிப்பார்கள். இரண்டு டன் எஸ்யூவிக்கு இது சாதாரண விஷயமல்ல. மதிப்பீட்டின் ஆயுளும் ஆறு ஆண்டுதான். அறிக்கையின் முதல் பக்கத்தோடு நிற்காமல், எந்தச் சேசிஸ் எண்ணிலிருந்து அது பொருந்தும், எந்த உபகரணம் கூடுதல் காசுக்கு என்ற பகுதியையும் படியுங்கள்.

தென்கிழக்காசியாவின் மோதல் சோதனை அமைப்பான ஆசியான் என்கேப்பில் தேட வேண்டாம். அங்கே பெரும்பாலும் அன்றாடக் காடிகள்தான்.

ஜாலான்_ஈப்போ
இனி நீங்கள் வாங்கப்போகும் அந்த ஒரு காடியின் கதை. ஜப்பான் வண்டி என்றால் ஏலத் தாளைக் கேளுங்கள்: அங்கே ஏலத்தில் விற்கும்போது காடியைச் சோதித்துத் தரமும் சேதமும் எழுதிய தாள். தரம் 4.5, 4 என்று இருந்தால் நல்லது. ஆர், ஆர்ஏ என்றால் சட்டகம் வரை அடிபட்டுச் சீர்செய்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: போனட், கதவு, முன் ஃபெண்டர் போன்ற போல்ட் போட்ட பாகங்களை மாற்றியிருந்தாலும் ஆர் விழாது. வரைபடத்தில் அந்தப் பாகத்தின் மேல் இரட்டைப் பெருக்கல் குறி இருந்தால் மாற்றியது என்று பொருள். முன்பக்கத்தில் இரண்டு மூன்று இடங்களில் அது இருந்தால், தரம் 4 என்றாலும் சந்தேகப்படுங்கள். கடைக்காரர் நீட்டும் நகலை நம்பாதீர்கள். தரத்தையும் மைலேஜையும் திருத்திய நகல்கள் சுற்றுகின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்து வெளியே தனியாக ஒரு பிரதி எடுங்கள்.

இங்கிலாந்து வண்டிக்குப் பழைய பதிவு எண் போதும். அரசின் எம்ஓடி (சாலைத் தகுதிச் சோதனை) பக்கத்தில் காசில்லாமல் மைலேஜ், பிரேக், டயர் குறிப்புகள் எல்லாம் வரும். ஆனால் முதல் எம்ஓடி மூன்றாம் ஆண்டில்தான். அதற்குள் கப்பல் ஏறிய காடிக்குப் பக்கம் காலியாக இருக்கும், அதைச் சுத்தம் என்று எண்ணக் கூடாது. காப்பீட்டு வரலாற்றைத் தனியாகக் காசு கட்டிப் பாருங்கள். விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் கைவிட்ட காடிக்கு ஒரு வகைக் குறி இருக்கும்: கேட் எஸ் என்றால் சட்டகச் சேதம், கேட் என் என்றால் சட்டகம் தப்பியது. 2017 அக்டோபருக்கு முன் இவை சி, டி என்று இருந்தன.

பட்டர்வர்த்_பட்டறை
அண்ணன் சொன்னது காகிதம். நான் ரீகாலும் (குறையைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் காடியைத் திரும்ப அழைப்பது) காடியும் சொல்கிறேன்.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏயின் பக்கத்தில் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைத் தட்டி, ஒன்றும் வரவில்லை என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அது அமெரிக்கச் சந்தை வண்டிகளுக்கு. உங்கள் சேசிஸ் எண்ணை அந்தப் பிராண்டின் அதிகாரபூர்வ சேவை மையத்தில் கொடுத்து, முடிக்காத ரீகால் எது என்று எழுத்தில் வாங்குங்கள். ஜப்பானில் விற்ற லெக்சஸுக்கு 17 இலக்கமே இருக்காது, குட்டையான பிரேம் எண்தான். அதை ஜப்பானியப் பக்கத்தில்தான் தேட வேண்டும்.

உள்ளூரில் ஓடிய பழைய காடி எடுப்பவர்களுக்கு: 2011 முதல் 2016 வரையிலான கேயனில் பிரேக் பெடல் தாங்கியின் கிளிப் கழன்றுவிடும் என்று 2016இல் ரீகால் வந்தது. 2004 முதல் 2015 வரை கட்டிய மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல்லுக்கு 2022இல் வந்தது: பிரேக் பூஸ்டரின் (மிதிக்கும் விசையைக் கூட்டும் பாகம்) ரப்பர் உறைக்கு அடியில் ஈரம் தங்கி இரும்பு அரிக்கிறது. பிரேக்கை மிதிக்கும்போது காற்று சீறும் ஓசை கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நம்ம ஊர் ஈரப்பதத்தில் இதை லேசாக விடக் கூடாது. தக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக்கும் அதே கதை: பையை ஊத வைக்கும் அம்மோனியம் நைட்ரேட்டை ஈரமும் வெப்பமும் சேர்ந்து கெடுத்துவிடும். பழைய பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் எம்எல் வகைகளிலும் அது இருந்தது.

ஏர்பேக் விளக்கு: இக்னிஷன் ஆன் செய்ததும் சில வினாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். எரிந்து அணைந்தாலும் முடிவில்லை. வெடித்த ஏர்பேக்குக்குப் பதில் 2, 3 ஓம் மின்தடை ஒன்றைச் சொருகினால் கணினி ஏமாந்துவிடும். அதனால் பெல்ட்டை முழுக்க இழுத்து, அடியில் உள்ள சீட்டின் தேதியைப் பாருங்கள். காடியின் தயாரிப்பு ஆண்டை விடப் பெல்ட் புதியது என்றால் காரணம் கேளுங்கள். போர்ஷாவுக்குப் பிவிஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு சென்ட்ரி என்று அந்தந்த நிறுவனத்தின் சோதனைக் கருவி போட்டு மோதல் பதிவைப் படிக்கச் சொல்லுங்கள். மலிவான ஸ்கேனருக்கு அது பெரும்பாலும் எட்டாது.

வெள்ளம்: 2017 நவம்பரில் பினாங்கு, 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா, எத்தனை காடி முங்கியது என்று எல்லாருக்கும் தெரியும். ஏர்பேக் கணினி நடுக் கன்சோலுக்கு அடியில், தரையோடு இருக்கிறது. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட், கார்பெட்டுக்குக் கீழே உள்ள கனெக்டர், ஸ்பேர் டயர்க் குழி, மூன்றிலும் துருவும் சேறும் தேடுங்கள். ஷாம்பு வாசம் தூக்கலாக அடித்தால் இன்னும் நன்றாகத் தேடுங்கள்.

பாயான்பாரு_டயர்
டயர் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வயது ஆனதை மாற்றுங்கள். 21 அங்குலக் கேயனுக்கு பின் டயர் 315/35, சுமை எண் (டயர் தாங்கும் எடைக்கான குறியீடு) 111, வேகக் குறியீடு ஒய். விலை குறைய வேண்டும் என்று சுமை எண்ணைக் குறைத்துப் போட்டு விற்பது நடக்கிறது.

செந்தூல்_சேகர்
நன்றி அண்ணே. புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனையில் பாஸ் ஆகிவிட்டது என்கிறாரே விற்பவர், அது கணக்கில் வராதா?

பட்டர்வர்த்_பட்டறை
பி5 பெயர் மாற்றத்துக்கு, பி7 வங்கிக் கடனுக்கு. அது வேண்டும்தான் தம்பி. ஆனால் ஏர்பேக் கணினியின் நினைவகத்தைத் திறப்பது அவர்கள் வேலை இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் காடியைத் தூக்கியில் ஏற்றிக் காட்ட அவர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். மறுத்தால் வேறு காடி பாருங்கள்.