ஆன்லைன் வகுப்பில் முதல் மாதம்: கத்தரிச் சத்தம் கேட்ட நாள்

(பாடம் நடத்தும் மூன்று பேர் தங்களுக்குள் எழுதிக்கொண்டது.)

பாளையங்கோட்டையிலிருந்து:

2020-இல் கல்லூரியைப் பூட்டிய பிறகுதான் நான் வேலைக்கே சேர்ந்தேன். பி.காம். இரண்டாம் ஆண்டு, அடக்கவிலைக் கணக்கியல் (ஒரு பொருளைச் செய்ய என்ன செலவாகிறது என்று கணக்குப் போடும் பாடம்), 52 பேர். திரையில் 52 கருப்புக் கட்டம். "கேக்குதா?" என்றேன். சத்தமே இல்லை. மறுபடியும் கேட்டதற்கு யாரோ ஒருவர் "கேக்கு மேம்" என்று டைப் செய்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் 40 நிமிடம் பேசி முடித்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கேமரா போடாவிட்டால் வருகை கிடையாது என்று சொல்லிவிட்டேன். மறுநாள் 11 பேர்தான் வந்தார்கள். ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டேன். ஒருத்தி வீட்டில் இருப்பதே ஒரு அறை; அப்பா சட்டையில்லாமல் படுத்திருப்பார். இன்னொருவனுக்கு நாளுக்கு ஒன்றரை ஜிபி, அதில் தங்கைக்கும் பங்கு. சட்டத்தை அன்றைக்கே வாபஸ் வாங்கினேன்.

அப்புறம் வருகை எடுப்பதையே மாற்றினேன். "பிரசன்ட் மேம்" வேண்டாம், இப்போது உங்கள் வீட்டில் என்ன சத்தம் கேட்கிறது, அதைச் சொல்லுங்கள். மயில், மிக்ஸி, மோட்டார். ஒருவன், "ஆச்சி ஏசுதா மேம்." வகுப்பு முதல்முறையாகச் சிரித்தது. முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி எதுவும் சொல்லாமல் மைக்கை மட்டும் திறந்தாள். க்ரிச், க்ரிச் என்று சீராக ஒரு சத்தம்.

"என்னம்மா அது?"

"கத்தரி மேம். அம்மா பீடி இலை வெட்டுதாவ."

அம்மா வெட்டித் தர, இவள் மடியில் சுளகை வைத்துச் சுற்றிக்கொண்டேதான் இத்தனை நாளும் என் வகுப்பைக் கேட்டிருக்கிறாள்.

அன்று நடத்த வேண்டியது பீஸ் ரேட் கூலி, அதாவது நேரத்துக்கு இல்லாமல் செய்த எண்ணிக்கைக்குக் கொடுக்கும் கூலி. பாடப்புத்தகத்து 'எக்ஸ்' கம்பெனியை மூடி வைத்துவிட்டு, ஆயிரம் பீடிக்கு எப்படிக் கூலி போடுவார்கள் என்று அவளையே கேட்டேன். இலையும் தூளும் கடையில் கொடுப்பார்கள், சுற்றிக் கொண்டுபோனால் சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள் என்று விவரமாகச் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி: "இலை மோசமா இருந்தா ஆயிரம் தேறாது மேம். கைக்காசு போட்டு இலை வாங்கித்தான் கணக்கு முடிக்கணும். அது எந்தக் கணக்குல வரும்?"

எந்தக் கணக்கிலும் வராது. கடைக்காரரின் அடக்கவிலைத் தாளில் கூலி முழுசாக நிற்கும்; குறைவது இவர்கள் கைக்கு வருவதில்தான். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மேலப்பாளையத்துப் பையன் மைக்கைத் திறந்துவிட்டான், "எங்க வீட்லயும் அப்படித்தான்." மணி அடிக்க ஆள் இல்லையா, ஒன்றேகால் மணி நேரம் போனது.

பிற்பாடுதான் இதைப் பற்றிப் படித்தேன். தூரத்திலிருந்து பேசும்போதும் அந்தப் பக்கம் நிஜமாக ஒரு ஆள் இருக்கிறார் என்று தோன்றுவதற்கு 'சமூக இருப்பு' என்று பெயர். அதை 1976-இல் ஷார்ட், வில்லியம்ஸ், கிறிஸ்டி என்ற ஆய்வாளர்கள் மூவரும் பேசப் பயன்படும் கருவியின் குணமாகப் பார்த்தார்கள்: நேரில் அதிகம், வீடியோவில் குறைவு, குரல் மட்டும் என்றால் இன்னும் குறைவு. 2000-இல் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் அதை ஆட்கள் பக்கம் திருப்பினார்கள். வெறும் எழுத்திலே நடக்கிற வகுப்பில்கூடத் தன்னை ஒரு மனுஷனாகக் காட்டிக்கொள்ள முடியும் என்றார்கள். அந்தக் கத்தரியைக் கேட்ட பிறகு நான் இரண்டாவது கட்சி.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அக்கா, என் கதை நேர் எதிர். எனக்கிருந்த வியாதி, அளவுக்கு மீறி 'இருப்பது'. போட்டித் தேர்வுக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் ஓசூரிலிருந்து ராமநாதபுரம் வரை. குழுவில் ராத்திரி 11 மணிக்குச் சந்தேகம் கேட்டாலும் நிமிஷத்தில் பதில் போடுவேன். பெருமையாகவும் இருந்தது.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும். தாமிரபரணி ஊருக்குள் வந்த நாட்கள். கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்றாம் நாள் சிக்னல் வந்தபோது குழுவில் 140 செய்திகள். முதலில் "சார் பத்திரமா இருக்கீங்களா." அதற்குக் கீழே ஒரு கணக்கு: ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் இன்னொருவர் 6 நாளிலும் முடிப்பார், சேர்ந்து செய்தால்? ஒரு பையன் சராசரி எடுத்து 9 நாள் என்று போட்டிருக்கிறான். பரமக்குடிப் பெண்ணின் பதில்: "தனியாவே 6 நாள்ல முடிக்கிறவருக்குத் துணைக்கு ஆள் வந்தா 9 நாளா? வேலை செய்ய வந்தாரா, கெடுக்க வந்தாரா?" அதற்குக் கீழே 4 நாள் என்று வழியோடு போட்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஒருநாளும் விளக்கியதில்லை.

இப்போது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பதில் போடுகிறேன். கை அரிக்கத்தான் செய்கிறது.

வள்ளியூரிலிருந்து:

அடுத்த வாரம் எனக்கு முதல் வகுப்பு. 52 பேரிடமும் சத்தம் கேட்டால் நேரம் போய்விடாதா அக்கா?

பாளையங்கோட்டையிலிருந்து:

போகும். ஒரு நாளைக்குப் பத்துப் பேரைப் பேச விடுங்கள், மற்றவர்கள் டைப் செய்யட்டும். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பையனிடம், "ஆச்சி இன்னைக்கு ஏசலையா?" என்று கேட்டேன். கேமராவையே போட்டுவிட்டான். ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார், "இவ்வோதான் ஒங்க டீச்சரால? சாப்ட்டியளாம்மா?"