'ரூ காஸ் நெக்ர்' (கரும்புத் தோட்டக் கூலிகளின் குடிசை வரிசை, கரீபியன் தீவான மார்த்தினிக்கில் நடக்கும் பிரெஞ்சுப் படம்) பார்த்தவர்கள் சொல்லுங்கள், எந்தக் காட்சி உங்களை விடவில்லை?

முந்திரிக்காட்டுப் பெண்

பிரெஞ்சு இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வெள்ளிக்கிழமை வகுப்பில் போட்டார்கள். கரும்புக் கூலிப் பாட்டி வளர்க்கும் ஜோசே என்ற பையன் உதவித்தொகையில் நகரத்துக்குப் படிக்கப் போகும் கதை, உங்களுக்குத் தெரியும், நேராக அந்த இடத்துக்கு வருகிறேன். தீவின் தலைநகர் ஃபோர் தெ ஃபிரான்ஸில், பள்ளியில் ஜோசேயின் கட்டுரையை ஆசிரியர் கையில் வைத்திருக்கிறார். ஊரில் அவனுக்குக் கதை சொல்லிக்கொடுத்த மெதூஸ் கிழவரின் சாவைப் பற்றி அவன் எழுதியது. நன்றாக இருக்கிறது, அதனாலேயே எங்கிருந்தோ பார்த்து எழுதியது என்று சொல்லிவிடுகிறார். பையன் எழுந்து ஓடிவிடுகிறான்.

ப்ளஸ் ஒன்னில் எனக்கு இதே நடந்தது. எங்கள் ஆயா பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்து கறுத்துப்போகும். அந்த விரலால் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியதை எழுதியிருந்தேன். "இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று வகுப்பின் முன்னால் நிற்க வைத்துக் கேட்டார்கள். நான் ஓடவில்லை. "அண்ணன் எழுதிக் கொடுத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அண்ணனே கிடையாது.

படத்தில் ஆசிரியர் அப்புறம் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறார். வகுப்பில் எல்லோர் முகமும் மலர்ந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆயா போன வருஷம் போய்விட்டாள்.

வடலூரான்

தங்கச்சி, உன் வலி புரிகிறது. ஆனால் அந்த ஆசிரியர் வந்து நிற்கும் இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருவர் மனம் மாறினால்தான் ஜோசேக்குக் கிடைத்த கால் பங்கு உதவித்தொகை முழுசாகும் என்றால், மனம் மாறாத ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

என்னை விடாதது ஜோசேயோடு படிக்கும் பெண் தோர்த்தில்லா. ஊர்ப் பள்ளித் தேர்வில் ஜோசேயோடு அவளும் தேறுகிறாள். அவள் அப்பா மேலே படிக்க அனுப்ப முடியாது என்கிறார். படம் அவளை விட்டுவிட்டு ஜோசேயோடு போய்விடுகிறது. என் அக்கா பத்தாவதில் என்னைவிட 40 மதிப்பெண் அதிகம். நான் விடுதிக்குக் கிளம்பிய அன்று என் டிரங்குப் பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரை தலையில் சுமந்து வந்தது அவள்தான். பஸ் கிளம்பும்போது, "அந்த அறிவியல் புத்தகத்தை மட்டும் விட்டுட்டுப் போடா" என்றாள். நான் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

காரைக்கால் கரையோரம்

இது நம்ம கதையும்தான். 1848இல் மார்த்தினிக்கில் அடிமை முறையை ஒழித்தார்கள். 1853இலிருந்து அந்தத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கப்பல் கப்பலாக ஆள் ஏற்றினார்கள். மொத்தம் சுமார் 25,000 பேர், அதில் பெரும்பகுதி தமிழர்கள். அதே கரும்பு, அதே வெயில்.

இதையே சில வருஷம் முன்பு அங்கிருந்து வேர் தேடி வந்த ஒரு அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் வீட்டில் 'கொலம்போ' சமைப்பார்களாம், நம்ம குழம்பிலிருந்து வந்த பெயர் என்றார். மாரியம்மனையும் கும்பிடுவார்கள். என் பேச்சைக் கேட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னார்: "என் ஒரு பாட்டி மெதூஸ் மாதிரி ஆப்பிரிக்க அடிமைகளின் வழி, இன்னொரு பாட்டி கப்பலில் வந்த வழி. கடைசி வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை." விடுதலையானவர்கள் நியாயமான கூலி கேட்டபோது அதைக் குறைக்கத்தான் நம்மவர்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். மெதூஸ் சொல்வாரே, எஜமான் முதலாளி ஆனான் என்று. அந்த முதலாளி அனுப்பிய கப்பல்தான் அது. ஆனாலும் நம்ம கதை என்றுதான் சொல்வேன்.

பழைய திரைச்சங்கத்துக்காரர்

நான் பார்த்தது திரைப்படச் சங்கம் ஒன்றில், பாதியில் மின்சாரம் போனது. மெதூஸைத் தேடித் தீப்பந்தங்களோடு கரும்புக் காட்டுக்குள் போகிறார்களே, சரியாக அங்கே. இருட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் என் அனுபவம்.

கரையோரம் தம்பி, வரலாறு சரி. ஆனால் இந்தப் படத்தை நம்மதாக்க வேண்டாம். அந்தக் குடிசை வரிசை ஆப்பிரிக்க வழி வந்தவர்களுடையது, அவர்களுக்கே இருக்கட்டும். அந்த அம்மாவின் இரண்டு பாட்டிகளுக்குத் தனிப் படம் வேண்டும், அதை யாராவது எடுக்கட்டும்.

மாணவர்களுக்கு: ஒருமுறை பார்த்தால் போதாது. படத்துக்கு மூலமான ஜோசப் ஸோபெலின் 1950 நாவலையும் படியுங்கள். நாவலில் ஜோசேயின் அம்மா உயிரோடு நகரத்தில் வேலை செய்கிறாள். படத்தின் இயக்குநர் யூஸான் பால்ஸி அந்த அம்மாவை நீக்கிவிட்டு, நகரத்துக்கு வந்து துணி வெளுக்கும் பாரத்தையும் தீன் பாட்டியின் தலையில் வைத்தார். படத்தின் பலமே அந்த முடிவுதான் என்பேன். பாட்டியாக நடித்த தார்லிங் லெஜிதிமூஸுக்கு 1983 வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது. படத்துக்கு அங்கேயே வெள்ளிச் சிங்க விருது. பால்ஸிக்கு அப்போது வயது 25. இன்னொன்று, வசனத்தோடு பாட்டையும் கவனியுங்கள், பாட்டு கிரியோலில், அந்தத் தீவு மக்களின் பேச்சுமொழியில் வரும். பழுப்பு நிறத்தைப் பார்த்துப் பழைய பிரதி என்று நினைக்காதீர்கள், வேண்டுமென்றே அப்படி எடுத்தது. கடைசியில் ஜோசே பாட்டியின் கால்களைக் கழுவும் காட்சியைச் சத்தம் குறைத்து ஒருமுறை பாருங்கள்.

முந்திரிக்காட்டுப் பெண்ணே, அந்தக் கட்டுரையை மறுபடி எழுதம்மா. நோட்டைத் தேடி எடு.

வடலூரான்

ஐயா, அந்தப் பிள்ளை யோசனை கேட்கவில்லை.

முந்திரிக்காட்டுப் பெண்

பரவாயில்லை அண்ணா. ஐயா, நோட்டு வீடு மாறும்போது எடைக்குப் போய்விட்டது. ஆனால் நேற்று ராத்திரி ஒன்று ஞாபகம் வந்தது. ஆயாவுக்கு எல்லா விரலும் ஒரே மாதிரி கறுத்திருக்காது. இடது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மோசம். கொட்டையைப் பிடித்துக்கொள்ளும் விரல்கள். எத்தனை சாம்பல் தொட்டுக்கொண்டாலும் தோல் உரியும். எனக்கு ஊட்டியது வலது கையால். இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வாள். அன்று கட்டுரையில் இதை எழுதாமல் விட்டுவிட்டேன்.