சில்வர் கோஸ்ட் வேகம்: எஞ்சினாலா, பாடியாலா?

கேள்வி:
1911-ல் ரோல்ஸ்-ராய்ஸ் 40/50 (சில்வர் கோஸ்ட் என்பது இதைத்தான்) ஒன்று லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு டாப் கியரிலேயே போய்த் திரும்பியது, அப்புறம் புரூக்லண்ட்ஸ் ரேஸ் டிராக்கில் மணிக்குச் சுமார் 126 கி.மீ. தொட்டது. அதே வருடம் ஒற்றை இருக்கை பாடி போட்ட சேசிஸ் (பாடி இல்லாத அடிச்சட்டமும் எஞ்சினும்) 163 கி.மீ.-ஐத் தாண்டியது. எஞ்சினில் அப்படி என்ன செய்தார்கள்?

பதில் 1:
எஞ்சினில் செய்தது ரொம்பக் கொஞ்சம்தான். பெரிய கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்), சிலிண்டருக்குள் அந்தக் கலவைக்குச் சற்றே கூடுதல் கம்ப்ரெஷன், அவ்வளவுதான். அடிப்படை முன்பே உறுதியாக இருந்தது: அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் நீளமான கிராங்க்‌ஷாஃப்ட் முறுக்கி அதிர்ந்து உடைவது பெரிய தலைவலி, வடிவமைத்த ஹென்றி ராய்ஸ் மும்மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக் வைத்து, தடித்த கிராங்க்கை ஏழு பேரிங்கில் உட்கார வைத்து, அழுத்தத்தோடு ஆயிலும் அனுப்பினார். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்.

பதில் 2:
சரி, ஆனால் பாடியை விட்டுவிடாதீர்கள். காற்றைத் தள்ளத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 126-லிருந்து 163-க்குப் போக, அதே பாடி என்றால் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். கார்புரேட்டரால் அவ்வளவு சக்தி வராது, குறுகலான பாடி காற்றுத் தடையைக் குறைத்ததால்தான் அந்த வேகம் வந்தது.

கேட்டவர்:
அப்படியானால் வாங்கியவர்களின் கார்களும் அந்த வேகத்தில் போனதா?

பதில் 2:
கம்பெனி சேசிஸ் மட்டும்தான் விற்றது. பார்க்கர் மாதிரி பாடி கட்டுபவர்களிடம் கொடுத்து, உயரமான கூரையும் கனமான கதவும் போட்டுக்கொண்டால் அந்த வேகத்தை மறந்துவிட வேண்டியதுதான்.