பூட்டிக் கிடக்கிற வீட்டுக் கொசுவுக்கு யாரைக் கூப்பிடுவது?

வணக்கம். சென்னை வேளச்சேரியில் இருக்கிறோம். தெருவில் ரெண்டு பிள்ளைகளுக்கு டெங்கு.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டு முதல் மொட்டைமாடி கொட்டாங்குச்சி வரை கவிழ்த்தாச்சு. டிரம்மை வாரம் ஒருமுறை நார் போட்டுத் தேய்க்கிறோம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

பிரச்சினை பக்கத்து வீடு. உரிமையாளர் வெளிநாட்டில். மூடியில்லாத தொட்டி, மாடியில் பழைய டயர்கள். சாயங்காலம் மாநகராட்சிக்காரர்கள் தெருவில் கொசுப் புகை அடிக்கிறார்கள். தொட்டிக்குள் நெளிகிற புழுவை அது என்ன செய்யும்?

மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குச் சொன்னால் பூட்டின வீட்டுக்குள் இறங்கி மருந்து ஊற்றுவார்களா? யாராவது அப்படிச் செய்ய வைத்திருக்கிறீர்களா? எங்கள் கிணற்றில் விட கொசுப்புழுவைத் தின்கிற கம்பூசியா மீனும் வேண்டும். எங்கே கிடைக்கும்?