கரோலினா சட்டத்தில் ரோமச் சட்டம் எங்கே இருக்கிறது?

சட்டமாணவி: ஜெர்மானிய நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசில், பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில், 1532-ல் வந்த கரோலினா குற்றவியல் சட்டத்தைப் பற்றி எங்கே படித்தாலும் "ரோமச் சட்டத்தின் தாக்கம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் சக்கரத்தால் எலும்பை முறிப்பது, நீரில் அமிழ்த்திக் கொல்வது என்று தண்டனைகளெல்லாம் உள்ளூர் ஜெர்மானிய வழக்கம் போலத்தானே இருக்கின்றன? அப்புறம் ரோமிலிருந்து வந்தது எது?

ஏட்டுச்சுவடி: தண்டனையில் தேடாதீர்கள், நிரூபணத்தில் தேடுங்கள். 22-ஆம் பிரிவுப்படி ஒருவரைத் தண்டிக்க அவரே ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாட்சிகள் வேண்டும். அதுவும் 67-ஆம் பிரிவு கேட்பது நம்பகமான இரண்டு மூன்று பேரை. சூழ்நிலைச் சாட்சியம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதை வைத்துச் சித்திரவதைக்கு உத்தரவிடலாம், தண்டிக்க முடியாது. இருட்டில் நடந்த கொலைக்கு இரண்டு சாட்சிகளுக்கு எங்கே போவது? ஆக வாக்குமூலம் ஒன்றுதான் வழி, அதை வாங்கச் சித்திரவதை. அப்பாவியைக் காக்க வைத்த கடுமையான விதியே அவரை வதைக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. சித்திரவதையை நம்புவது ஆபத்து என்று ரோமச் சட்ட அறிஞர் உல்பியன் எழுதியது, ரோமச் சட்ட அறிஞர்களின் எழுத்துகளைத் தொகுத்த டைஜஸ்டின் 48-ஆம் நூலிலேயே இருக்கிறது, அதைப் படித்த சட்ட அறிஞர்களே இந்த முறையைக் கட்டியெழுப்பினார்கள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நடுநிலைப்பள்ளம்: சரிதான், ஆனால் எல்லாவற்றையும் ரோமின் தலையில் கட்ட வேண்டாம். குடியரசுக் கால ரோமில் குற்றம் சாட்ட ஒரு குடிமகன் முன்வர வேண்டும்; நீதிபதியே விசாரணையைத் தொடங்கும் முறையை வளர்த்தது போப் மூன்றாம் இன்னசென்ட் காலத்துத் திருச்சபை நீதிமன்றங்கள். 1215-ல் லாத்தரன் பொதுச்சங்கம் என்ற திருச்சபை மாநாடு, குற்றவாளியா இல்லையா என்பதைக் கடவுளே காட்டுவார் என்று நம்பி நடத்திய நெருப்பு, நீர்ச் சோதனைகளில் குருமார் பங்கேற்கக் கூடாது என்று தடுத்தபிறகு வேறு நிரூபண முறை தேவைப்பட்டது. காந்தினுஸ் போன்ற இத்தாலியச் சட்ட வல்லுநர்கள் இந்தத் திருச்சபை விசாரணை முறையையும் டைஜஸ்டையும் சேர்த்துக் குழைத்ததுதான் ஜெர்மனிக்கு வந்தது. கரோலினாவுக்கு முன்மாதிரியான 1507-ஆம் ஆண்டின் பாம்பெர்க் (ஜெர்மனி) சட்டத்தை உருவாக்கிய ஸ்வார்ட்சன்பெர்க், பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவரே இல்லை.

சட்டமாணவி: அப்படியென்றால் சாதாரண ஊர் நீதிபதிகளுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எப்படிப் புரிந்தது?

ஏட்டுச்சுவடி: பெரும்பாலும் புரியவில்லை, அது சட்டத்தை எழுதியவர்களுக்கும் தெரியும். சந்தேகம் வந்தால் மேல் நீதிமன்றங்களிடமோ பல்கலைக்கழகங்களிடமோ ஆலோசனை கேள் என்கிறது கடைசியான 219-ஆம் பிரிவு. வழக்குக் கட்டுகள் சட்டப் பேராசிரியர்களிடம் போய்க் கருத்தோடு திரும்பி வந்தன. ரோமச் சட்டம் ஊர் நீதிமன்றங்களுக்குள் நுழைந்ததில் பெரும்பங்கு இந்த வழிக்கு உண்டு.