கணவர் சிங்கப்பூரில், நான் திருச்சியில்: ஒரே கிரெடிட் கார்டை இருவரும் வைத்துக்கொள்ள என்ன வழி?

மலர், திருச்சி

வணக்கம். என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். நான், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் திருச்சியில். அவர் ஊரில் இருந்தபோது எடுத்த கிரெடிட் கார்டு ஒன்று இருக்கிறது, அதைக் கையோடு கொண்டு போய்விட்டார். முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், கேஸ் எல்லாமே அந்த நம்பரைப் போட்டுத்தான் கட்டுகிறேன். ஓடிபி அவருடைய இந்திய சிம்முக்குப் போகும், அவர் பார்த்துச் சொல்வார்.

போன மாதம் மாமியாருக்கு ராத்திரி மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அட்வான்ஸ் 40,000 கட்டச் சொன்னார்கள். கார்டு கையில் இல்லை என்றதும் கவுண்டரில் இருந்த பெண் போனுக்கு லிங்க் அனுப்பினாள். நம்பரெல்லாம் போட்டுவிட்டேன், ஓடிபி வந்திருக்கும், ஆனால் அவர் அன்றைக்கு நைட் ஷிப்ட். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நேரம் முடிந்து முடிந்து திரும்பத் திரும்பப் போட்டதில் கார்டே லாக் ஆகிவிட்டது. பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம், ஸ்ட்ரெச்சரில் அத்தை ஒரு பக்கம். தம்பி வந்து கட்டின பிறகுதான் அட்மிஷன் போட்டார்கள்.

இதற்கு ஒழுங்கான வழி என்ன? ஆட்-ஆன் கார்டு என்கிறார்கள். அவருடைய சிங்கப்பூர் கார்டிலேயே எனக்கும் ஒன்று வாங்கலாம் என்று அவர் சொல்கிறார். எனக்கு வேலை கிடையாது, சம்பளச் சீட்டு எதுவும் இல்லை.

பாலா (வங்கியில் இருந்தவன்)

முதல் காரியமாக அந்த போட்டோவை இரண்டு போனிலிருந்தும் அழித்துவிடுங்கள் அம்மா. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வங்கி மேலும் தப்பில்லை, நம் மேலும் தப்பில்லை, வெளியாள் யாரோ பணத்தை எடுத்துவிட்டான் என்றால், தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது. ஆனால் கார்டு விவரத்தை நாமே அடுத்தவரிடம் கொடுத்து, அதனால் பணம் போயிருந்தால், புகார் பதிவாகும் வரைக்கும் போனதெல்லாம் நம் தலையில்தான். கொடுத்தது மனைவிக்குத்தானே என்று சொன்னால் வங்கி கேட்காது. கார்டையும் பின்னையும் சேர்த்து உங்களிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாலும் இதே கதைதான்.

ஆட்-ஆன் கார்டு இதற்காகவே இருக்கிற ஏற்பாடு. அவர் கார்டுக் கணக்கிலேயே உங்கள் பெயர் போட்ட தனி கார்டு வரும், பின் நம்பரும் உங்களுக்கென்று தனி. ஆஸ்பத்திரி கவுண்டரில் மெஷினில் செருகி பின்னைப் போட்டால் முடிந்தது, அங்கே ஓடிபி பேச்சே வராது. 5,000 ரூபாய் வரைக்கும் பின்கூட இல்லாமல் தட்டிக் கட்டலாம். கார்டு வந்ததும் ஆப்பில் போய் ஆன்லைன், தட்டிக் கட்டுவது இரண்டையும் ஆன் செய்ய வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து புதுக் கார்டுகள் இவை அணைக்கப்பட்டுத்தான் வருகின்றன. இது தெரியாமல் கார்டு வேலை செய்யவில்லை என்று கிளைக்கு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விண்ணப்பம் அவர்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் செலவு செய்வதற்கும் கட்டும் பொறுப்பு அவருடையதுதான், ரிசர்வ் வங்கி விதியிலேயே இது இருக்கிறது. உங்கள் கார்டுக்கு மட்டும் தனி வரம்பு வைக்கப் பல வங்கிகள் விடுகின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேளுங்கள்: ஆன்லைனில் ஆட்-ஆன் கார்டு போட்டால் ஓடிபி யார் நம்பருக்கு வரும்? சில வங்கிகளில் ஆட்-ஆன் வைத்திருப்பவர் நம்பருக்கே அனுப்புவார்கள். சிலவற்றில் முதல் கார்டுக்காரருக்கு மட்டும்தான் போகும். அப்படி என்றால் கவுண்டர் பிரச்சனை தீரும், கரண்ட் பில் பிரச்சனை அப்படியே நிற்கும்.

செந்தில், உட்லண்ட்ஸ்

நானும் சிங்கப்பூரில்தான் இருக்கிறேன். அந்தச் சிங்கப்பூர் கார்டு யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். துணைக் கார்டு வங்கி கொடுத்தாலும் பில் சிங்கப்பூர் டாலரில் வரும். நீங்கள் திருச்சியில் ரூபாயில் வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 3 சதவீதத்துக்கு மேல் பிடிப்பார்கள். மாதம் 30,000 ரூபாய் மளிகை, மருந்து என்று வைத்தால் வெறும் கட்டணமே 900 ரூபாய் தாண்டிவிடும். அவசரத்துக்கு அதைத்தான் நீட்ட வேண்டியிருந்தால், மெஷின் ரூபாயா டாலரா என்று கேட்கும்போது ரூபாயையே அமுக்குங்கள், டாலர் என்றால் அந்தக் கடைப் பக்கமே மோசமான விலையில் மாற்றிவிடும். இந்தியக் கார்டை இங்கே தேய்த்தாலும் இப்படித்தான். பெரும்பாலான கார்டுகளில் 3.5 சதவீதம், அதற்கு மேல் ஜிஎஸ்டி, ஆகமொத்தம் 4.13. அதனால் ஊர்ச் செலவுக்கு ஊர்க் கார்டு, இங்குள்ள செலவுக்கு இங்குள்ள கார்டு என்று பிரித்து வைப்பதுதான் நல்லது.

இன்னொன்று, அவர் ஊரில் இருந்தபோது எடுத்த கார்டு என்கிறீர்கள். வெளிநாட்டுக்கு வேலைக்கு வந்த பிறகு ஊரில் இருந்த சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாட்டில் இருப்பவர் ஊர் வரவு செலவுக்கு வைக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றியிருக்க வேண்டும், அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாற்றினாரா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் ஆட்-ஆன் கேட்டுப் போகும்போதே அதையும் முடித்துவிடட்டும். என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் என்று பதிந்துவிட்டால் சிங்கப்பூர் நம்பருக்கே ஓடிபி அனுப்பும் வங்கிகள் இருக்கின்றன, மெயிலுக்கும் அனுப்புவார்கள். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்கும் பாடு மிச்சம்.

வீட்டுச் செலவுக்குப் பணம் உங்கள் கணக்குக்கே வருவதுதான் நல்லது என்றால், 2023 பிப்ரவரியிலிருந்து இங்குள்ள பேநவ்வும் (யூபிஐ மாதிரி போனிலேயே பணம் அனுப்பும் சிங்கப்பூர் முறை) நம் யூபிஐயும் இணைந்திருக்கின்றன. எல்லா வங்கியும் அதில் இல்லை, அவர் வங்கி இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் நிமிஷத்தில் வந்து சேரும். கணவன் மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு வருமான வரி கிடையாது.

ஃபாத்திமா, கீழக்கரை

மலர் தங்கச்சி, மேலே சொன்னதெல்லாம் சரி. ஆட்-ஆன் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள், உங்கள் பெயரில் ஒரு கார்டு கட்டாயம் வேண்டும். எங்கள் ஊரில் பாதி வீட்டில் ஆண்கள் துபாய், அபுதாபி என்று இருக்கிறார்கள், அதனால் இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். எங்கள் சொந்தத்தில் ஒருவர் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். வங்கிக்குத் தகவல் போனதும் அவர் கார்டு நின்றது, மனைவியிடம் இருந்த ஆட்-ஆனும் அதோடு நின்றது. சேமிப்புக் கணக்கும் அவர் பேரில் மட்டும்தான் இருந்தது. ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருவதற்கு ஓடிய அதே நாட்களில் அந்தப் பெண் பாலுக்கும் மருந்துக்கும் அண்ணன் கையை எதிர்பார்த்து நின்றாள். வீட்டு நிர்வாகத்தையே வருஷக்கணக்காக நடத்தியவள் அவள்!

சம்பளச் சீட்டு இல்லை என்று தயங்க வேண்டாம். உங்கள் பெயரில் பிக்சட் டெபாசிட் போட்டு அதன் மேல் கிரெடிட் கார்டு வாங்கலாம், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். டெபாசிட் தொகையில் பெரும்பகுதியை வரம்பாகக் கொடுப்பார்கள், வட்டியும் ஓடிக்கொண்டிருக்கும். பில்லைத் தவறாமல் கட்டி வந்தால், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிந்து வைக்கும் சிபிலில் உங்கள் பெயருக்கென்று நல்ல வரலாறு சேரும். ஆட்-ஆனை நம்பி அது சேரும் என்று இருக்காதீர்கள், அது அவர் கணக்கு.

அப்புறம், சொல்வதற்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆட்-ஆனில் நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அவர் போனில் மெசேஜ் விழும். நல்ல மனுஷர்தான், இருந்தாலும் "எதற்கு இந்த 1,240?" என்று தினமும் அங்கிருந்து கேள்வி வந்தால் மனசு விட்டுப்போகும். இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். இவ்வளவு தொகைக்கு மேல் போனால் முன்கூட்டியே சொல்வேன், அதற்குக் கீழே நீங்கள் கேட்க வேண்டாம் என்று. நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம், அதற்குப் பிறகு பணத்தை வைத்துச் சண்டை வந்ததில்லை.

செந்தில், உட்லண்ட்ஸ்

ஃபாத்திமா அக்கா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். ஒரு சின்ன விஷயம் மட்டும்: அந்த டெபாசிட்டுக்குப் பணம் கணவர் கொடுத்தது என்றால், அதில் வரும் வட்டியை வரிக்கணக்கில் அவர் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். கார்டு வாங்க இது தடையே கிடையாது, ஆடிட்டரிடம் சொல்லிவைத்தால் போதும்.

மலர், திருச்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போட்டோவை அழித்துவிட்டேன், அவரையும் அழிக்க வைத்துவிட்டேன். கணக்கை என்ஆர்ஓவாக மாற்றினாரா என்று கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. ஃபாத்திமா அக்கா எழுதியதை அவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, பிறகு டெபாசிட்டை உடனே போடு என்றார். இன்னும் இரண்டு சந்தேகம். அவர் கணக்கிலும் என் பெயரைச் சேர்க்க முடியுமா? ஆட்-ஆன் பில்லை அவர் அங்கிருந்து கட்டும்போது தேதி தள்ளிப்போனால் என்ன ஆகும்?

பாலா (வங்கியில் இருந்தவன்)

சேர்க்கலாம். என்ஆர்இ (வெளிநாட்டுச் சம்பளத்தை ஊரில் போட்டு வைக்கும் கணக்கு), என்ஆர்ஓ இரண்டிலுமே ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரைக் கூட்டாகச் சேர்க்க இடம் இருக்கிறது, 'முதலாமவர் அல்லது பிழைத்திருப்பவர்' என்ற முறையில். அதாவது அவர் இருக்கும்வரை கணக்கு அவருடையது, அவருக்குப் பிறகு உங்களுடையது. இப்போதே நீங்கள் அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய வேண்டும் என்றால் வங்கியில் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து வைக்க வேண்டும். நாமினியாகவும் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முன் திறந்த கணக்கு என்றால் பெரும்பாலும் அப்பா அம்மா பெயர்தான் இருக்கும்.

பில்லுக்கு, அவருடைய என்ஆர்ஓ கணக்கிலிருந்தே முழுத் தொகையும் தானாகக் கழியும்படி ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை', 'முழுத் தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும். அவசரத்தில் முதல் கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் பாக்கிக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல்கூட வட்டி ஏறும், புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணமும் சிபிலில் பதிவதும். அங்கிருந்து பணம் வர ஒரு நாள் இழுத்தாலும் சமாளித்துவிடலாம், ஆனால் பில் கட்டும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே கணக்கில் பணம் இருக்கும்படி அனுப்பச் சொல்லுங்கள்.